செயின்ட் லூசியாவில் அரைநாள் தனிப்படகு: தீவைச் சுற்ற வேண்டாம், மேற்குக் கரை போதும்

அமெரிக்கா, கனடாவிலிருந்து குளிர்கால விடுமுறைக்குக் கரீபியன் தீவான செயின்ட் லூசியா போகும் நம்மவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "அரைநாளுக்கு ஒரு படகு எடுத்தால் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாமா?" முடியாது. முடியும் என்று யாராவது சொன்னாலும் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

தீவின் நீளம் 43 கிலோமீட்டர், அகலம் 22 கிலோமீட்டர். வரைபடத்தில் கைக்குள் அடங்கிவிடும்போலத் தெரியும். கடல்வழியே சுற்றி வந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு எஞ்சின் பூட்டிய வேகப்படகு அமைதியான நீரில் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் ஓடும். அப்படிப் பார்த்தால் எங்கும் நிற்காமல் மூன்று மணி நேரம். ஆனால் இந்தக் கணக்கு மேற்குக் கரையில் மட்டும்தான் செல்லும். கிழக்குக் கரை அட்லாண்டிக்கைப் பார்த்திருக்கிறது. ஆப்பிரிக்கா வரைக்கும் நடுவில் மறைப்பே கிடையாது. ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து காற்று அடிக்கிறது, ஆள் உயர அலை அங்கே சாதாரணம். படகோட்டி வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் ஒவ்வோர் அலைக்கும் படகு எகிறி விழும். முன்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு முதுகெலும்பில் அடிபடுவது உண்மையிலேயே நடக்கிற விபத்து. நாலு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதற்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

மேற்குக் கரை வேறு கடல். நடுவில் இருக்கும் மலைத்தொடர் காற்றைத் தடுத்துவிடுகிறது. ஜிமி சிகரம் மட்டும் 950 மீட்டர். காலையில் அந்தப் பக்கம் தண்ணீர் பல நாள் ஏரி மாதிரி கிடக்கும். பார்க்க வேண்டிய குடா, மீனவர் ஊர், பவளப்பாறை, இரட்டை மலை எல்லாமே இந்தப் பக்கம்தான்.

அடுத்தது நேரம். வடக்கே ராட்னி பே துறையிலிருந்து தெற்கே பிட்டோன் எனும் அந்த இரட்டை மலைகள் வரை சுமார் 16 கடல் மைல். வேகப்படகில் 50 நிமிடம். பாய்க்கப்பல் பாணியில் இரட்டை அடிப்பகுதி கொண்ட கேட்டமரானில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேட்டமரான் நல்ல வண்டிதான், ஆடாது, வயதானவர்களுக்கு வசதி, கழிப்பறையும் இருக்கும். ஆனால் அது முழுநாள் பயணத்துக்கு. ராட்னி பேயிலிருந்து அரைநாளுக்குக் கேட்டமரான் எடுத்தால் போகவும் வரவுமே நேரம் சரியாகிவிடும். அரைநாள் என்றால் 28 முதல் 34 அடி நீளத்தில், மேலே நிழல் விரிப்பும் பின்னால் ஏணியும் உள்ள திறந்த வேகப்படகைக் கேளுங்கள்.

தங்குமிடம் பிட்டோன்களை ஒட்டிய சூஃப்ரியேர் ஊர்ப் பக்கம் என்றால் அங்கேயே உள்ளூர்ப் படகை அமர்த்துங்கள். மலையடிவாரம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். நாலு மணி நேரமும் உங்கள் கையில். வடக்கிலிருந்து சாலையில் சூஃப்ரியேர் போய்ப் படகு ஏறலாமா என்றால், ஒன்றரை மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகள். படகில் வராத வாந்தி காரில் வந்துவிடும்.

காலையா, பிற்பகலா? என் ஓட்டு காலைக்கு, 7.30 மணிக்கே புறப்படுவதற்கு. இதில் ஒரு இழப்பும் இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் நிற்கும். கடலிலிருந்து எடுக்கும் படத்தில் பிட்டோன்கள் இருண்ட உருவமாகத்தான் விழும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் மலைமுகத்தில் பட்டு ஒவ்வொரு பாறையும் பச்சையும் தனித்தனியாகத் தெரியும். புகைப்படத்துக்காகவே போகிறவர்கள் பிற்பகலை எடுக்கலாம். ஆனால் திரும்பும்போது தலைநகர் காஸ்ட்ரீஸைத் தாண்டி வடக்கே வர வரக் காற்று முன்னாலிருந்து அடிக்கும், எல்லாரும் நனைவீர்கள். கப்பல் பயணிகள் கூட்டமாக இறங்கும் நாளில் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை பிட்டோன்களுக்கு நடுவே படகுச் சந்தைதான். எட்டரை மணிக்கு அங்கே நின்றால் மீனும் நீங்களும் மட்டும்.

அதனால் வரிசை முக்கியம். வழியில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே தெற்கே போகாதீர்கள். முதலில் நிற்காமல் கடைசி இடத்துக்குப் போய்விட்டு, திரும்பும்போது நின்று நின்று வாருங்கள். நேரம் போதவில்லை என்றால் விடுபடுவது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இடமாக இருக்கும், பிட்டோன்களாக இருக்காது.

க்ரோ பிட்டோன் 770 மீட்டர், பெட்டி பிட்டோன் 743 மீட்டர். இரண்டும் எரிமலைக் குழம்பு இறுகி நின்ற மலைகள், 2004 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். கரையில் நின்று பார்ப்பதைவிடக் கடலில் இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் பார்க்கும் முறை. மலை எந்தச் சரிவில் வானத்துக்கு ஏறுகிறதோ, ஏறக்குறைய அதே சரிவில் தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. கரையோரம் இளம்பச்சையாக இருக்கும் நீர், படகு கொஞ்சம் விலகியதும் கருநீலமாகிவிடும். ஒரு படகு நீளத்துக்குள் தரை கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். நங்கூரம் அங்கே பிடிக்காது, பிடித்தால் பவளத்தை உடைத்துக்கொண்டுதான் பிடிக்கும்.

அதற்காகத்தான் சூஃப்ரியேர் கடல் மேலாண்மைப் பகுதி 1995-இல் உருவானது. மீனவர்களுக்கும் முக்குளிப்பவர்களுக்கும் ஓட்டல்காரர்களுக்கும் இடையே ஓயாத தகராறு இருந்தது. எல்லாரும் உட்கார்ந்து பேசிக் கரையை மண்டலம் மண்டலமாகப் பிரித்தார்கள். மீன்பிடிக்கத் தனி இடம், மீன் பெருகத் தடை செய்யப்பட்ட இடம், படகு கட்டத் தனி இடம். அந்த எல்லைக்குள் படகை மிதவையில்தான் கட்ட வேண்டும், கட்டணமும் உண்டு. உங்கள் வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். யாராவது அங்கே நங்கூரம் போடப் போனால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் கொடுப்பவர் சொல்லுக்குப் படகில் மதிப்பு உண்டு. ஃப்ளோரிடாவில் 2014-இல் தொடங்கிய பவளத் திசு நோய் கரீபியன் முழுக்கப் பரவிப் பவளங்களை அழித்துக்கொண்டிருக்கும் காலம் இது. மிச்சம் இருப்பதைக் காலால் மிதித்து நாமும் கெடுக்க வேண்டாம்.

ஸ்நார்க்கெல் செய்ய, அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மேலே மிதந்தபடி கடலடியைப் பார்க்க, நல்ல இடம் பெட்டி பிட்டோன் அடிவாரம், இரண்டு மலைக்கும் நடுவே உள்ள சுகர் பீச்சின் வடக்கு ஓரம். ஊதாக் குழாய் மாதிரிக் கடற்பஞ்சுகள், பாறையைக் கொறிக்கும் கிளிமீன்கள், மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட குட்டி மீன் கூட்டம் எல்லாம் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திலேயே தெரியும். மிதவை கட்டிய எல்லை இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். மலைமுனையைச் சுற்றி நீரோட்டம் பலமானது. முக்குளிப்பவர்கள் அதில் மிதந்து போவதற்கென்றே வருகிறார்கள், அவர்களைப் பின்தொடர்ந்து படகு வரும். வெறும் முகமூடியோடு இறங்கியவருக்கு அது ஆபத்து. இறங்கியதும் முதல் ஐந்து நிமிடம் நீரோட்டத்துக்கு எதிராக நீந்திப் பாருங்கள். எளிதாக இருந்தால் தொடருங்கள். நகரவே முடியவில்லை என்றால் ஏறிவிடுங்கள்.

முகமூடியில் தண்ணீர் புகுவதுதான் பெரும்பாலானவர்களின் பயணத்தைக் கெடுப்பது. வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் அளவு சரி. அளவு சரியாக இருந்தும் கசிந்தால் காரணம் பெரும்பாலும் மீசை, அல்லது ஓரத்தில் மாட்டிய தலைமுடி. மீசையில் துளி வாசலின் தடவினால் கசிவு வெகுவாகக் குறையும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் வார் வழுக்கும், அன்று காலை எண்ணெய் வேண்டாம். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்கக் குழந்தை ஷாம்பூ ஒரு சொட்டு உள்பக்கம் தேய்த்து லேசாக அலசினால் போதும். முகம் முழுக்க மூடும் முகமூடி வாங்காதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் வாயை விடுவிக்க வழியில்லை, விட்ட மூச்சையே மறுபடி இழுக்கவும் நேரலாம்.

நீச்சல் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கயிறு கட்டிய மிதவை வளையத்தைப் பிடித்தபடி முகத்தை மட்டும் நீரில் வைத்தாலே பாதிக் கடல் தெரியும். கூடவே ஒரு படகு உதவியாளர் தண்ணீரில் இருக்க வேண்டும். இருப்பாரா என்று கேளுங்கள். பருத்திச் சுடிதார், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், ஊறினால் கனத்துக் காலைக் கட்டும். முழுக்கை லைக்ரா சட்டையும் லெக்கிங்ஸும் போதும். சன்ஸ்கிரீன் பூச வேண்டிய உடம்பும் குறையும். இந்தத் தீவு 14 டிகிரி வடக்கு, சென்னை 13. வெயில் சென்னை வெயில்தான், காற்று அதை மறைத்துவிடும். பூசுவதானால் துத்தநாக ஆக்ஸைடு உள்ளது, புறப்பட அரைமணி முன்பே.

சுகர் பீச்சின் வெள்ளை மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. எரிமலைத் தீவின் சொந்த மணல் சாம்பல் கறுப்பு, ஆன்ஸ் ஷஸ்தனே கடற்கரையில் பார்க்கலாம். கடற்கரை எல்லாருக்கும் பொது, யாரும் தடுக்க முடியாது. நாற்காலியும் குடையும்தான் காசு. கரையில் இறங்கினால் ஒரு மரத்தை மட்டும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்: மான்சினீல். பளபளக்கும் சிறிய இலை, கீழே சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரிப் பழம். பழத்தைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழை வந்தால் குழந்தைகளை அதன் கீழே ஒதுங்க விடாதீர்கள், இலையிலிருந்து சொட்டும் நீரே போதும். சில இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். எல்லா மரத்திலும் இருக்காது.

பத்து மணிவாக்கில் அங்கிருந்து கிளம்பினால் இரண்டாவது முறை இறங்க ஆன்ஸ் ஷஸ்தனே அல்லது ஆன்ஸ் கோஷோன், இரண்டில் ஒன்று. முதலாவதில் பவளம் அடர்த்தி, இரண்டாவது குழந்தைகளுக்குத் தோது. முந்தின இரவு பெருமழை என்றால் ஆற்று முகங்கள் உள்ள சூஃப்ரியேர், கனாரீஸ், ஆன்ஸ் லா ரே ஓரம் கலங்கியிருக்கும், அங்கே இறங்காதீர்கள். ஆன்ஸ் கோஷோனில் 1986-இல் மூழ்கடிக்கப்பட்ட 165 அடி சரக்குக் கப்பலைக் காட்டுவதாகச் சிலர் ஆசை காட்டுவார்கள். அது 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. முக்குளிப்பவர்களுக்கு அருமையான இடம், ஸ்நார்க்கெல்காரர்களுக்கு நிழல்தான். கந்தக ஊற்றுக்கும் அரைநாளில் இடமில்லை. டாக்ஸி, நுழைவுச்சீட்டு, சேற்றுக் குளியல் என்று ஒன்றரை மணி நேரம் போய்விடும், அதை வேறு நாளில் சாலைவழி பாருங்கள்.

மாரிகோ பேயில் கால்மணி நேரம் மெதுவாக உள்ளே போய் வந்தால் போதும். புயல் காலத்தில் படகுகள் ஒளியும் குடா, வாயில் தென்னை நிற்கும் மணல் நாக்கு. ராட்னி பே திரும்புகையில் எதிரே பிஜன் ஐலண்ட். பெயரில் தீவு, 1972 முதல் கரையோடு இணைந்துவிட்டது. அதன் உச்சியிலிருந்து ஆங்கிலேயத் தளபதி ராட்னி பிரெஞ்சுக் கடற்படையை வேவு பார்த்தார். வானம் தெளிந்த நாளில் வடக்கே தெரியும் மலைகள் மார்த்தினிக். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்ட கரும்புத் தீவு அது. படகில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள்.

படகு ஏறுமுன் பார்க்க வேண்டியதில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை சில. தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், குழந்தைக்கு அதன் எடைக்கேற்றது, கால்களுக்கிடையே போடும் வாரோடு. வேலை செய்யும் வானொலிக் கருவி, அவசர அழைப்புக்கான அலைவரிசை 16. தீயணைப்பான். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு படகோட்டியின் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். யாராவது தண்ணீரில் இருக்கும்போது எஞ்சின் நியூட்ரலில் இருந்தால் போதாது, முழுக்க அணைந்திருக்க வேண்டும். ஏணி எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கியர் தவறுதலாக மாட்டிக்கொண்டால் எஞ்சின் விசிறியின் எல்லையில் முதலில் இருப்பது கால்.

குமட்டல் உள்ளவர்கள் அவோமின் மாதிரி மாத்திரையைப் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், ஓடும் படகில் போட்டால் பயனில்லை. தூக்கம் வரும், அதனால் அன்று ரம் பஞ்ச் கூடாது. பின்பக்கம் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். சைவம் என்றால் உணவைக் கையோடு எடுத்துப் போவதே நல்லது.

வாடகை ஆளுக்கல்ல, படகுக்கு. எட்டுப் பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும், இரண்டு பேருக்குக் கூட்டுப் படகே சிக்கனம். பேசும்போது எரிபொருள், கடல் பகுதிக் கட்டணம், முகமூடி, குடிநீர், வரி எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். கூடவே, சொன்னது எந்த டாலர் என்றும். உள்ளூர் டாலர் 2.70 கொடுத்தால்தான் ஒரு அமெரிக்க டாலர். திருப்தியாக இருந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் அன்பளிப்பு வழக்கம். ராணுவப் புள்ளி அச்சிட்ட சட்டை, தொப்பி, குழந்தைகளுடையதுகூட, இந்த நாட்டில் சட்டவிரோதம். பெட்டியிலேயே வைக்காதீர்கள்.

காற்று அதிகமான நாளில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இது அடிக்கடி நேரும், பிட்டோன்களுக்கு நடுவே மலையிடுக்கிலிருந்து காற்று திடீர் திடீரென்று பாய்ந்து இறங்கும். அன்று படகோட்டி ஆன்ஸ் கோஷோனோடு திரும்பலாம் என்றால் வாதாடாதீர்கள். மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா என்று மட்டும் கேளுங்கள். உல்லாசக் கப்பலில் வருபவர்களுக்கு மறுநாள் கிடையாது, அவர்களுக்குக் கடிகாரம்தான் சிக்கல். செயின்ட் லூசியா நேரம் ஆண்டு முழுக்க ஒன்றே. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்திலேயே ஓடும் கப்பல் என்றால் குளிர்காலத்தில் கப்பல் மணி ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். எட்டு மணிக்குப் படகு என்றால் எந்த எட்டு என்று இரண்டு பக்கமும் உறுதி செய்துவிட்டு, கப்பல் ஏறக் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே காஸ்ட்ரீஸ் துறையில் இறங்கும்படி பேசிக்கொள்ளுங்கள்.