தக்காளிக் காட்டுக்கு வெள்ளித் தண்ணீர் தேவையா?

பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் தக்காளி போட்டிருக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக வெள்ளிப் பேச்சுதான். கொலுசு வெள்ளி இல்லை, பாட்டிலில் வருகிற வெள்ளி. தண்ணீரில் மிதக்கிற மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் அது, கொலாய்டல் சில்வர், நானோ சில்வர் என்று பெயர் போட்டு வருகிறது. செடி வாடினாலும் இதைத்தான் சொல்கிறார்கள், இலை சுருண்டாலும் இதைத்தான். நூற்புழுவுக்கும் இது, வைரஸுக்கும் இது. "சொட்டுநீர் ட்ரிப்புல விட்டுடுங்க, மண்ணையே சுத்தம் பண்ணிடும்" என்று எங்கள் காட்டுக்கே வந்து ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணில் ஊற்ற இது வேண்டாம். இலையில் அடிப்பதற்கும் அவசரப்பட வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேற்கொண்டு படியுங்கள். பதிவு கொஞ்சம் நீளம்.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பதில் பொய் இல்லை. குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டி வளர்த்த ஊர் நம்முடையது. சித்த மருத்துவத்தில் வெள்ளி பற்பம் உண்டு. தீக்காயத்துக்கு ஆஸ்பத்திரியில் தடவுகிற வெள்ளை களிம்பில் இருப்பதும் வெள்ளிச் சேர்மம்தான். சில குடிநீர் ஃபில்டர்களின் பீங்கான் கேண்டிலில் வெள்ளி பூசியிருப்பார்கள். வெள்ளித் துகளிலிருந்து தண்ணீரில் கரைகிற அயனிகள் பாக்டீரியாவின் மேல்சவ்வைக் கெடுக்கும், உள்ளே போய் நொதிகளில் இருக்கிற கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும், நொதி வேலை செய்யாமல் நின்றுவிடும். பூஞ்சைக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் நோய்ப் பூஞ்சையை வளர்த்து, அதில் வெள்ளிக் கரைசலைச் சேர்த்து, வளர்ச்சி நின்றதைக் காட்டுகிற கட்டுரைகள் நிறைய உண்டு. விற்க வருகிறவர் செல்போனில் காட்டுகிற படமும் பெரும்பாலும் அதுதான்.

"அப்புறம் என்னப்பா, நீயே ஒத்துக்கற இல்ல?" என்று பக்கத்துக் காட்டு மாமா கேட்டார். மாமா, அந்தத் தட்டில் மண் இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. பாட்டிலில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) என்று போட்டிருந்தால், ஒரு லிட்டரில் இருக்கிற வெள்ளி அரை கிராம். ஒரு ஏக்கருக்கு முழு பாட்டிலையும் ஊற்றினாலும் 9 லட்சம் கிலோ மண்ணுக்கு அரை கிராம்தான் சேர்கிறது. ஒரு கிலோ மண்ணுக்கு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. வேடிக்கை என்னவென்றால், பூமியின் மேலோட்டில் இயற்கையாகவே கிலோவுக்குச் சராசரியாக 0.07 மில்லிகிராம் அளவில் வெள்ளி இருக்கிறது. அந்தச் சராசரியை நம் காட்டுக்கும் வைத்துப் பார்த்தால், ஒரு ஏக்கரின் மேல்மண்ணில் நாம் எதுவும் ஊற்றாமலே 60 கிராம் வெள்ளி கிடக்க வேண்டும். அதன் மேல் அரை கிராம் ஊற்றுவதற்குத்தான் இவ்வளவு காசு. அந்த அரை கிராம் வெள்ளி என்ன விலை என்று தர்மபுரி கடைத்தெருவில் எந்த நகைக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டுவிட்டு பாட்டில் விலையைப் பாருங்கள்.

சரி, ட்ரிப்பில் விட்டால் வேர்ப் பகுதிக்கு மட்டும்தானே போகும் என்பீர்கள். நியாயமான கேள்வி. நனைகிற மண் பத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிலோவுக்கு 0.006 மில்லிகிராம்கூட இல்லை.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆய்வகத் தட்டில் வேலை செய்த அளவு மண்ணிலும் வர வேண்டும், குறைத்தே வைத்து கிலோவுக்கு 10 மில்லிகிராம் வர வேண்டும் என்றால், ஏக்கருக்கு 9 கிலோ வெள்ளி தேவைப்படும். மூன்று நான்கு கல்யாணத்துக்குச் சீர் செய்துவிடலாம். யாராவது அப்படி ஊற்றினால் அந்த மண்ணில் நடக்கப்போவது நோய் ஒழிப்பு மட்டும் இல்லை. வெள்ளிக்கு நல்ல கிருமி எது, கெட்ட கிருமி எது என்று தெரியாது. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியாக்கள் வெள்ளிக்கு மிகவும் எளிதில் மடியக்கூடியவை. நிலக்கடலை, கொள்ளு, அவரை வேரில் முடிச்சு போடுகிற ரைசோபியமும் பாக்டீரியாதான். வேளாண்மை அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கி வந்த அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ் எல்லாமே பாக்டீரியாக்கள். நோயைத் தடுக்க நாம் போடுகிற டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை. ஆக, குறைவாக ஊற்றினால் எதுவும் நடக்காது, நிறைய ஊற்றினால் நம் ஆட்களும் சேர்ந்து சாவார்கள். நடுவில் கெட்டதை மட்டும் கொன்று நல்லதை விட்டுவைக்கிற ஒரு அளவு உண்டு என்று யாராவது நம் வயல் மண்ணில் செய்து காட்டினால் பார்க்கலாம். எனக்கு இதுவரை யாரும் காட்டவில்லை.

இதில் எனக்கு ரொம்ப வருத்தம் தருகிறவர்கள் இயற்கை விவசாயம் செய்கிற நண்பர்கள்தான். திங்கட்கிழமை ஜீவாமிர்தம் விடுகிறார்கள். நாட்டு மாட்டுச் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, வரப்பு மண் எல்லாம் போட்டு கிருமிகளைப் பெருக்கி, அலுங்காமல் கொண்டுபோய் வேரில் ஊற்றுகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை அதே லைனில் வெள்ளி விடலாமா என்று கேட்கிறார்கள். விருந்துக்குக் கூப்பிட்டவர்களுக்கு இலை போட்டுவிட்டு கதவைப் பூட்டிக்கொள்வது மாதிரி இருக்கிறது. "இது ரசாயனம் இல்லீங்க, ரெசிட்யூவே இருக்காது" என்கிற விற்பனைப் பேச்சில்தான் மயங்குகிறார்கள். பூச்சிமருந்துகள் பலவும் வெயிலிலும் மண்ணிலும் நாளடைவில் உடைந்துபோகும். வெள்ளி ஒரு தனிமம், அது உடையவே உடையாது. இடம் மாறலாம், வடிவம் மாறலாம், அவ்வளவுதான். வருஷா வருஷம் விட்டால் வருஷா வருஷம் சேரும்.

நம் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரின் லட்சணம் நமக்குத் தெரியும். ஃப்ளோரைடுக்குப் பயந்து ஒகேனக்கலில் இருந்து குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது, 2013ல்தான் அந்தத் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. வெள்ளி விஷயத்தில் ஃப்ளோரைடு பெரிய தொந்தரவு இல்லை, உப்பில் இருக்கிற குளோரைடுதான் தொந்தரவு. வெள்ளி அயனியும் குளோரைடும் சேர்ந்தால் சில்வர் குளோரைடு ஆகி, கரையாமல் அடியில் இறங்கிவிடும். பிளஸ் டூ வேதியியல் லேபில் உப்பு ஆய்வு செய்தவர்களுக்கு அந்தத் தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு ஞாபகம் இருக்கும். பாட்டிலில் இருக்கும்போது காட்டுகிற வீரியம் போர் தண்ணீர் நிரப்பிய டேங்கில் கலந்ததும் குறையத் தொடங்கிவிடும். அதைத் தாண்டி மண்ணுக்குப் போனால் அங்கே இருக்கிற மக்கிய பொருளும் கந்தகமும் பிடித்து வைத்துக்கொள்ளும். தொழுவுரம் நன்றாகப் போட்ட காட்டில் வெள்ளி இன்னும் சீக்கிரம் அடங்கிவிடும்.

யூடியூப் பார்த்து பேட்டரியும் வெள்ளிக் கம்பியும் வைத்து வீட்டிலேயே தயாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். போர் தண்ணீரில் செய்தால் வருவது பெரும்பாலும் மேலே சொன்ன வெள்ளை வண்டல்தான். வெயில் பட்டால் அது சாம்பல் நிறமாகக் கறுக்கும். அந்த நிறத்தைப் பார்த்து "சக்தி ஏறிடுச்சு" என்று ஒருவர் வீடியோ போட்டிருந்தார். அதற்கு நான் என்ன சொல்ல.

இலையில் அடிப்பது வேறு கதை. அங்கே 9 லட்சம் கிலோ மண் குறுக்கே வராது, துளி நேராகப் பூஞ்சை மேல் படும். அதனால் சில இலைப்புள்ளி நோய்களில் ஓரளவு பலன் தெரிந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் அதே வேலையைத் தாமிரம் 1880களிலிருந்து செய்துகொண்டிருக்கிறது. 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் டிரம்மில் தனித்தனியாகக் கரைத்து, சுண்ணாம்புப் பாலில் துத்தக் கரைசலை ஊற்றிக் கலக்கி, பளபளப்பான அரிவாள் நுனியை முக்கிப் பார்க்க வேண்டும். செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். போர்டோ கலவை அவ்வளவுதான். தாமிரமும் மண்ணில் சேரும், மறுக்கவில்லை. ஐரோப்பாவில் திராட்சைத் தோட்டங்களில் சேர்ந்து சேர்ந்துதான் இப்போது 7 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தாமிரம் பயிருக்கு வேண்டிய நுண்சத்து. வெள்ளியைப் பயிர் எதற்கும் கேட்பதில்லை.

வைரஸ் பற்றி ஒரே வரி. தக்காளி இலைச்சுருள் வைரஸ் செடிக்குள்ளே சாறு ஓடுகிற குழாயில் இருக்கிறது, இலை மேல் அடித்த வெள்ளி அதைக் குணப்படுத்தாது. அந்த வைரஸைப் பரப்புகிற வெள்ளை ஈயைத் தடுக்கிற வலைக்குள் நாற்று விடுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி, சுற்றிலும் மக்காச்சோளம், சுருண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அப்புறப்படுத்துவது, இவைதான் இன்றைக்கும் வழி.

விவசாயத்தில் வெள்ளிக்கு இடமே இல்லையா என்றால், உண்டு, அதுவும் நம் மாவட்டங்களில் விளைகிற பயிர்களில். நாம் ஒப்பந்தத்தில் பயிரிடுகிற கெர்கின் வெள்ளரி வகையில் பெண் பூ மட்டுமே பூக்கிற ரகங்கள் உண்டு. அந்த ரகத்திலேயே விதை எடுக்க வேண்டுமானால் ஆண் பூ வேண்டுமே? அதற்கு விதை நிறுவனங்கள் சில்வர் நைட்ரேட் அல்லது சில்வர் தயோசல்பேட் தெளிப்பார்கள். செடிக்குள் எத்திலீன் என்கிற ஹார்மோன் வாயு சொல்கிற பேச்சை வெள்ளி கேட்கவிடாமல் செய்துவிடும், செடி ஆண் பூ விட்டுவிடும். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் வளர்க்கிற கார்னேஷன் மாதிரி கொய்மலர்கள் சீக்கிரம் வாடாமல் இருக்கவும் இதே சில்வர் தயோசல்பேட் உதவுகிறது, வாடவைப்பதும் எத்திலீன்தான் என்பதால். தக்காளி பழுப்பதற்குக் காரணமும் அதே எத்திலீன். இந்த வேலைகளில் எல்லாம் எதற்கு, எவ்வளவு, எப்போது என்று தெளிவு இருக்கிறது. சகல நோய்க்கும் ஒரே பாட்டில் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

இதையே குடிக்கவும் சொல்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். தொடர்ந்து குடித்தால் தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமாக மாறிவிடலாம், மாறினால் திரும்பப் பழைய நிறம் வராது. கடையில் சும்மா கிடைக்கிற கொலாய்டல் சில்வர் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999லேயே அறிவித்துவிட்டது.

அப்படியானால் வாடுகிற செடிக்கு என்ன செய்வது? முதலில் எதனால் வாடுகிறது என்று பாருங்கள். அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து வெட்டிய முனையை அதில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கு எந்த பாட்டிலும் குணம் தராது. அந்தக் காட்டில் அடுத்து தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காமல் ராகியோ மக்காச்சோளமோ போட வேண்டும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. ஒரு போகம் செண்டுமல்லி போடலாம், அது நூற்புழுவைக் குறைக்கும், நம் ஊரில் பூவுக்கும் விலை உண்டு. நாற்று விடுவதற்கு முன் ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து விதைப்பது பழைய சிபாரிசுதான், பலர் செய்வதில்லை. சந்தேகம் என்றால் செடியை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ போங்கள். பஸ் காசு பாட்டில் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

மீறி யாராவது விற்க வந்தால் லேபிளைக் கேளுங்கள். நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கிற எந்த மருந்துக்கும் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும், நச்சுத்தன்மையைக் காட்டுகிற வண்ணக் குறி இருக்க வேண்டும், எந்தப் பயிருக்கு எந்த நோய்க்கு என்று எழுதியிருக்க வேண்டும். "இது மருந்து இல்லீங்க, டானிக்" என்று சொன்னால், அப்புறம் எப்படி வாடலைக் குணப்படுத்தும் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறவர்கள், பில் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வாங்க மறுத்தால் கிணற்றிலோ ஏரியிலோ கேஆர்பி அணை வாய்க்காலிலோ மட்டும் கொட்டிவிடாதீர்கள். தண்ணீரில் கரைந்த வெள்ளி மிகக் குறைந்த அளவிலேயே மீன்களுக்கு விஷம்.