பெரிய குழல் ரைபிள் பிடிக்கும், அதற்கு என்ன இப்போ?

பெரிய குழல் ரைபிள்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. இதைச் சேலத்தில் வாய்விட்டுச் சொன்னால் இரண்டு விதமான ஆட்கள் வந்து சேர்வார்கள். ஒருத்தர், "ஏங்க, உயிரை எடுக்கற சாமான் மேல என்னங்க ஆசை?" என்பார். இன்னொருத்தர் மீசையை நீவிக்கொண்டே, "எங்க தாத்தா அந்தக் காலத்துல சேர்வராயன் மலையில புலி அடிச்சவருங்க" என்று ஆரம்பிப்பார். முதல் ஆளிடம் உட்கார்ந்து பேசலாம், அவர் கேட்பது நியாயமான கேள்வி. இரண்டாவது ஆளிடமிருந்துதான் இந்த ரைபிள்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பதிவு நீளம்தான். பொறுமை இருக்கிறவர்கள் படிங்க.

பெரிய குழல் என்றால் எவ்வளவு பெரிசு? துப்பாக்கிப் போட்டிகளில் .22க்கு (குழலின் உள் அகலம், அங்குலக் கணக்கில்) மேல் போனாலே பிக் போர் என்றுதான் கணக்கு. நான் சொல்வது அதுவல்ல. .400க்கு மேலே, யானைக்கும் காட்டெருமைக்கும் என்றே செய்தவை. பழைய முறையில் ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாகப் பிரித்தால் ஓர் உருண்டை குழலுக்குச் சரியாக இருக்குமோ, அதுதான் அந்தக் குழலின் நம்பர். நம்ம ஊரில் தோட்டக் காவலுக்கு வைத்திருக்கும் 12 போர் என்பது பவுண்டில் பன்னிரண்டு உருண்டை. 4 போர் என்றால் நாலே உருண்டை, ஒவ்வொன்றும் 113 கிராம், குழல் ஓர் அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே. மைசூர்ப் பக்கம் யானை பிடித்த சாண்டர்சன் கையில் இருந்தது அந்த ரகம். கருமருந்துக் காலத்தில் வேகம் கிடைக்காது, அதனால் எடையைக் கூட்டினார்கள்.

அப்புறம் கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்து வந்தது. 1898ல் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் கொண்டுவந்ததும் கதையே மாறிவிட்டது. குழல் பாதிக்கும் கீழே சுருங்கியது, புகை போனது, அடி மட்டும் குறையவில்லை. இந்தியாவுக்கு வந்த வேட்டைக்கார துரைகள் எல்லாரும் .450 வேண்டும் என்று நின்றார்கள்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1907ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களைத் தடை செய்தது. காரணம் பயம். பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைபிளும் அதே .450 குடும்பம். வேட்டைக்கு என்று வரும் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி, கலகக்காரர்கள் தங்கள் ரைபிளுக்குப் பயன்படுத்திவிடுவார்களோ என்று கவலை. ஆனால் துரைகளின் வேட்டையை நிறுத்த முடியுமா? லண்டனிலும் பர்மிங்காமிலும் இருந்த துப்பாக்கிக் கம்பெனிகள் தடைக்குச் சிக்காத அளவுகளைத் தேடி ஓடின. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465 போட்டது. ஜோசப் லாங்கின் .470ஐ ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். .475, .476 என்று ஒரு வரிசையே வந்தது. இன்றைக்கு ஆப்பிரிக்காவில் வேட்டை வழிகாட்டிகள் தோளில் தொங்குகிற .470 இவ்வளவு பேர் பெற்றதற்கு, இந்தியர்கள் திருப்பிச் சுடுவார்கள் என்று இங்கிலாந்துக்கு இருந்த பயம் பெரிய காரணம். எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. எஸ்டேட் பங்களாக்களில் இருந்த .465ஐயும் .470ஐயும் "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சாமான்" என்று ஒதுக்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அந்த நம்பரே நம்மால் வந்ததுங்க.

தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. சென்னையில் பி. ஓர் அண்ட் சன்ஸ் என்றால் எல்லாருக்கும் கடிகாரம்தான் ஞாபகம் வரும். அந்தப் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு. கார்டைட்டுக்கு எங்கேயும் போக வேண்டாம், நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை 1900களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. குன்னூர் ரயிலில் போகிறவர்கள் அதைப் பக்கத்திலேயே பார்த்திருப்பார்கள்.

சரி, .470 மாதிரியானவை வரும் அந்த இரட்டைக் குழல் ரைபிளில் அப்படி என்னதான் இருக்கிறது?

இரண்டு குழலையும் பக்கத்துப் பக்கத்தில் இணையாக வைத்துப் பற்றவைத்தால் போதும் என்று நினைப்போம். அப்படிச் செய்தால் இரண்டு குண்டும் இரண்டு பக்கம் போகும். வலது குழல் வெடிக்கும்போது, குண்டு வாயைத் தாண்டுவதற்குள்ளேயே ரைபிள் மேலேயும் வலப்பக்கமும் திரும்ப ஆரம்பித்துவிடும். இடது குழலுக்கு இடப்பக்கம். அதனால் முனைப்பக்கம் குழல்களைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைக்க வேண்டும். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். முனையில் இரண்டு குழலுக்கும் நடுவே ஒரு சின்ன ஆப்பு. சுடுவார், குறியைப் பார்ப்பார், ஈயப் பற்றை இளக்குவார், ஆப்பை ஒரு மயிரிழை நகர்த்துவார், மறுபடி பற்றவைத்துச் சுடுவார். இரண்டு குழலும் ஒரே இடத்தில் குண்டு போடும்வரை இதே வேலை. கம்ப்யூட்டர் வைத்து எல்லாவற்றையும் கடைகிற இந்தக் காலத்திலும் நல்ல கம்பெனிகள் கடைசிச் சரிபார்ப்பைச் சுட்டுத்தான் செய்கின்றன.

இவ்வளவு பாடும் ஒரே ஒரு தோட்டாவுக்கு. .470 ஒன்றின் குழல் அடியைத் திருப்பிப் பார்த்தால் "கார்டைட் 75-500" என்று முத்திரை இருக்கும். 75 கிரெய்ன் மருந்து, 500 கிரெய்ன் குண்டு என்று அர்த்தம் (கிரெய்ன் ஒரு சின்ன எடை அளவு). அந்தக் குண்டு நம்ம கணக்கில் நாலு பவுன் எடை. வினாடிக்கு 2,150 அடி வேகத்தில் கிளம்பும். மருந்தையோ குண்டையோ மாற்றினால் இரண்டு குழலும் ஒன்றோடொன்று பேசாது. தோட்டாவின் கூடு மட்டும் மூன்றேகால் அங்குலம் ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கார்டைட் வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும் ரகம். சேலத்துச் சித்திரை வெயிலில் அழுத்தம் எகிறி, சுட்ட கூடு குழலுக்குள் இறுகிவிட்டால் எதிரே யானை நிற்கும்போது என்ன செய்வது? அதனால் கூட்டைப் பெரிதாக்கி அழுத்தத்தைத் தாழ்வாகவே வைத்துக்கொண்டார்கள். நம்ம ஊர் வெயிலைக் கணக்கில் எடுத்துச் செய்த சாமான்.

நான் .470 சுட்டது இந்தியாவில் இல்லை. டர்பனில் சித்தப்பா மகன் இருக்கிறான், அவன் போகும் ரேஞ்சில் ஒரு பெரியவர் அன்போடு கையில் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு குழலில் மட்டும்தான் தோட்டா போட்டார். இந்த ரைபிளுக்கு விசை இரண்டு, முன்னது வலது குழல், பின்னது இடது. பழக்கமில்லாத ஆள் முதல் குண்டு சுட்டதும் உதையில் விரல் பின்னால் நழுவி இரண்டாவதையும் இழுத்துவிடுவான், அப்புறம் தோள் தோளாக இருக்காது என்றார். குப்புறப் படுத்தோ மேசையில் ஊன்றியோ சுடவும் விடவில்லை. நின்று, உடம்பை முன்னால் சாய்த்து, இடது கையால் முன்கட்டையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். உதை, அதிகம் புழங்கும் .30-06 ரைபிளைப்போல மூன்று மடங்கு. ஆனால் சுள்ளென்று அடிக்காது. ரைபிளே ஐந்து கிலோ என்பதால் ஆளை மொத்தமாக ஒரு தள்ளு தள்ளும், முன்கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பும். என்னைக் கேட்டால் எடை குறைந்த .458 ரைபிள் இதைவிட மோசம். லீவரைத் தள்ளியதும் குழல் மடிந்தது, சூடான பித்தளைக் கூடு காதோரம் பறந்தது, அந்த மருந்து வாசம் வந்தது. எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு ரவுண்டு நம்ம பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம் என்று அப்புறம்தான் தம்பி சொன்னான். முன்னாலேயே சொல்லியிருந்தால் கை நடுங்கியிருக்கும்.

இப்போது மீசை நீவும் நண்பருக்கு வருகிறேன்.

பெரிய குழல் வைத்திருந்தவர் பெரிய வீரர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது பாருங்க, அதைப் பழைய வேட்டைக்காரர்களே உடைத்துவிட்டார்கள். சம்பாவத் பகுதியின் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது .275 ரிக்பி, வெறும் 7 மில்லிமீட்டர். அவரிடம் .450/400 இரட்டைக் குழலும் இருந்தது, ஆனால் பேர் வாங்கியது அந்தச் சின்ன ரைபிள்தான். அதே 7 மில்லிமீட்டரில் ஆப்பிரிக்காவில் யானைகளாகச் சுட்டுத் தள்ளினார் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நம்ம பழைய சேலம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1965ல் தருமபுரி பிரியும்வரை ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் எல்லாம் சேலம் மாவட்டம்தான். அந்தக் காடுகளில் ஆட்கொல்லிகளின் பின்னால் நடந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். அது .470 பக்கத்தில் நிற்காது. குண்டு எங்கே படுகிறது என்பதுதான் கணக்கு. பெரிய குழல் தருவதெல்லாம், தப்பு நடந்தால் கொஞ்சம் கூடுதல் அவகாசம்.

வேட்டைக் காலம் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிய ஆரம்பித்தது, 1991 திருத்தத்தோடு முழுசாக முடிந்தது. முடிந்தது நல்லதுதான். ஏற்காட்டில் இன்று காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்கிறது, தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு உயிர் பயம் இருப்பது நிஜம். அதற்காக "அந்தக் காலத்து ரைபிள் இருந்தா ஒரே அடி" என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். காட்டுப் பன்றிக்கே 2025ல் அரசு கொடுத்த அனுமதி, அதுவும் காப்புக்காட்டிலிருந்து தள்ளி இருக்கும் இடத்தில், வனத்துறை ஆட்கள் கையால்தான். ரைபிள் மேல் ஆசை இருக்கிறது என்பதால் காட்டெருமை மேல் குறி வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. காகிதத்தில் சுட்டாலே போதும். 300 மீட்டர் போட்டியில் பத்துப் பாயின்ட் வட்டம் பத்தே சென்டிமீட்டர், வீரம் பேசுகிறவர்கள் அதில் ஒரு ரவுண்டு போட்டுக் காட்டட்டும். அந்தப் போட்டியும் 1972 மியூனிக்கோடு ஒலிம்பிக்கை விட்டுப் போய்விட்டது. இங்கே இருக்கும் கிளப்புகளில் பிள்ளைகள் ஏர் ரைபிளும் .22வும் சுடுகிறார்கள், அதற்கு மேல் சாதாரண ஆளுக்கு வழி இல்லை.

சேகரிப்புதான் இங்கே பெரிய சிக்கல். ஆயுதச் சட்டத்தில் 2019ல் வந்த திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாக்கியது. தாத்தாவிடமிருந்து வந்ததும் அந்த இரண்டுக்குள்தான். துப்பாக்கி கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, வட மாநிலங்களில் கல்யாண வீட்டில் சுட்டு விளையாடுவதைப் பார்த்தாலே போதும். ஆனால் கூடுதலாக இருந்த மூன்றாவது என்ன ஆனது?

ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் பங்களாவில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். வெளியே தோல், உள்ளே சிவப்புக் கம்பளித் துணி. குழலுக்கும் கட்டைக்கும் தனித்தனிப் பள்ளம். எண்ணெய்க் குப்பி, திருப்புளி, டம்மி தோட்டா இரண்டு, எல்லாம் அது அது இடத்தில். ரைபிள் மட்டும் இல்லை. டெபாசிட் செய்து வருஷங்கள் ஆகிவிட்டன. அது இருக்கும் அலுவலகத்துக்கு அவரோடு போனேன். வேறு இருபது துப்பாக்கிகளோடு சாய்த்து வைத்திருந்தார்கள், எண்ணெய் பார்த்தே நாளாகியிருக்கும். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வரிகளுக்கு நடுவே துருக் குழி. யாரோ ஒரு கைவினைஞர் மயிரிழை மயிரிழையாக நகர்த்திச் செய்த வேலை. அங்கிருந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, துப்பாக்கிக்கு எண்ணெய் போடச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

என் கோரிக்கை சின்னது. சேலத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இப்படி ஒப்படைக்கும் பழைய ரைபிள்களில் வரலாற்று மதிப்பு உள்ளவற்றைத் தெரிந்த ஆட்களை வைத்துப் பிரித்து, சுட முடியாதபடி செய்து அங்கே வையுங்கள். இனி சுடவே முடியாத பழைய ஆயுதங்களுக்கு 1959 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நல்ல .470 ஒன்றில் தோட்டா உட்காரும் சேம்பரில் ஓட்டை போடுவதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும், இருந்தாலும் துருப்பிடித்துப் போவதைவிட மேல். பக்கத்திலேயே 1907 கதையையும் எழுதி மாட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று படிப்பார்கள்.

வீட்டில் பழசு வைத்திருக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி கைக்கு வந்து 25 வருஷம் ஆகிவிட்டாலோ அவர் இருக்கும்போதே வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்கலாம், 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீங்க. அடுத்தது, அலமாரி மூலையில் கிடக்கும் பழைய கைனாக் கம்பெனித் தோட்டாக்களை "வெடிக்குதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீங்க. விசையை இழுத்து ஒன்றும் ஆகவில்லை என்று உடனே திறந்தால், தாமதமாக வெடிக்கும் ஆபத்து உண்டு. லைசென்ஸ் உள்ள டீலரிடம் ஒப்படைத்துவிடுங்க.

ஏற்காடு, சேலம், நாமக்கல் பக்கம் யார் வீட்டிலாவது லைசென்ஸோடு பழைய இரட்டைக் குழல் ரைபிள் இருந்தால், டீலரை வைத்துக் குழலைக் கழற்றி அடியில் இருக்கும் முத்திரையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்க. சீரியல் நம்பரை மறைத்துவிடுங்க, முகவரியெல்லாம் வேண்டாம். எந்தக் கம்பெனி, எந்த மருந்து, எத்தனை கிரெய்ன் என்று எனக்குத் தெரிந்தவரை படித்துச் சொல்கிறேன்.