கிளம்பும்போது எண்ண ஆள் இல்லை

ஜனவரியில் கூப்பிட்டால் ஆள் வருகிறது. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-இலிருந்து நடக்கிறது, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இலிருந்து. கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள் என்று வேன் நிறைந்துவிடும். அதே ஆட்களை, வலசை வந்த பறவைகள் வடக்கே கிளம்புகிற பங்குனிக் கடைசியில் கூப்பிட்டுப் பாருங்கள். "வெயில் அண்ணாச்சி" என்பார்கள். போன ஞாயிறு தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனது மூன்றே பேர். அதில் ஒருவன் தண்ணீர் பாட்டில் தூக்க வந்த என் மச்சினன்.

வெயில் பொய்யில்லை. எட்டரைக்கு மேல் டெலஸ்கோப்பில் கானல்தான் ஆடும். ஆனால் அதற்கு முன்னால் கிடைக்கிற இரண்டு மணி நேரம் இருக்கிறதே! தை மாதத்தில் உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் சின்னக் கரைப்பறவைகள்) எல்லாம் ஒரே சாம்பல். எது கொசு உள்ளான், எது வளைமூக்கு உள்ளான் என்று புதியவர்கள் தலையைச் சொறிவார்கள். இப்போது வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கரைப்பறவையான உப்புக்கொத்தியில் ஒரு வகைக்கு நெஞ்சில் ஆரஞ்சு ஏறுகிறது. சாம்பல் உப்புக்கொத்திக்கு வயிறு கறுக்கிறது. தலை நிமிராமல் தின்கின்றன. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் ஆர்க்டிக் கரை வரை போய்க் குஞ்சு பொரிக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கான கொழுப்பை நம் பாத்திச் சேற்றில்தான் சேர்க்கத் தொடங்குகிறது. ஒரு நாய் துரத்திவிட்டாலும் அதன் வழிச்செலவில் கைவைத்த மாதிரிதான்.

எண்ணுவதில் மந்திரம் எதுவும் இல்லை. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பாதியில் பருந்து வந்தால் மொத்தமும் எழும்பிவிடும், திரும்பவும் முதலிலிருந்து. மூன்றாம் முறை எழும்பியபோது மச்சினன், "அத்தான், சுமாரா ஆயிரம்னு போடுங்க" என்றான். முறைத்தேன். (பறவைப் பதிவுகளை ஏற்றும் இ-பேர்ட் தளத்தில் எண் போடாமல், 'இருந்தது' என்று மட்டும் சொல்லும் 'எக்ஸ்' போட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் அதே முறைப்பு.)

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கேட்காமலே சொன்னார்: "நேத்து பொழுதடைய ஒரே இரைச்சலாக் கெடந்துச்சு தம்பி. இன்னைக்குப் பாதியக் காணல."

கரைப்பறவைகள் பெரும்பாலும் அந்தி நேரத்தில்தான் கூப்பாடு போட்டுக்கொண்டு கிளம்பும். அவர் பார்த்தது அநேகமாக அதைத்தான். அந்தப் 'பாதி' எத்தனை? சொல்ல எங்களிடம் முந்தின வாரத்து எண் இல்லை. கோபம் அங்கேதான் வந்தது.

2015 முதல் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை உலகம் முழுக்க 'குளோபல் பிக் டே' என்று எண்ணுகிறார்கள். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அது சரியான நாள், அவர்களுடைய வசந்த வலசை அப்போது உச்சத்தில் இருக்கும். நமக்கு? வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் போயிருக்கும், வடக்கே போகாமல் தங்கிவிட்ட இளம் பறவைகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நம் பங்கு பங்குனியிலும் சித்திரை முதல் பாதியிலும் இருக்கிறது. வளைமூக்கு உள்ளானை 2024-இல் அழிவாய்ப்புள்ள இனமாக, உலகப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். அறிவித்தது. எத்தனை வந்தன என்பதை ஜனவரி எண் சொல்லும். எப்போது கிளம்பின, பாத்தி வற்றியதால் அரைவயிற்றோடு முன்கூட்டியே போய்விட்டனவா என்பதை அது சொல்லாது.

வேன் வேண்டாம், பேனர் வேண்டாம், குரூப் போட்டோ வேண்டவே வேண்டாம். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடியும்வரை வாரம் ஒருமுறை, அதே பாத்தி, அதே வரப்பு, இரண்டு பேர் போதும். ஒன்றுமே இல்லாத நாளில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வர வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். மச்சினன் இந்தத் தடவை எண்ண வருகிறானாம். ஆகவே தண்ணீரை அவரவரே தூக்கிக்கொண்டு வரவும்.