படகு நிற்கிறது என்றால் பயமே வேண்டாமா?

கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கிறது. இறங்காதே என்று அர்த்தம். அதைத் தாண்டி ஒருவர், மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். வேண்டாங்க என்றேன். "அதான் மீட்புப் படகு நிக்குதே" என்று கையைக் காட்டினார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த இடம் ஆபத்தானது என்பதால்தானே படகே நிற்கிறது? அதைப் பார்த்தால் பயம் கூட வேண்டும், இவர்களுக்குக் குறைகிறது. காரில் பாதுகாப்பு வசதிகள் கூடினால் ஓட்டுபவர்கள் இன்னும் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று அமெரிக்கப் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-லேயே வாதிட்டார். அவர் கணக்கை ஏற்காதவர்கள் உண்டு, சரி. ஆனால் அந்தக் குணத்தை நான் அன்று கண்ணால் பார்த்தேன்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைக்கிறார்கள். மூச்சுக்கே வழியில்லாதவர் எங்கே கத்துவது? வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போய்வரும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், பெரும்பாலும் சத்தமே இருக்காது. ஆக்சிஜன் நின்றால் சில நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கிவிடும். அதற்குள் யாராவது பார்க்க வேண்டும், படகைக் கிளப்ப வேண்டும், அலையைத் தாண்டி வர வேண்டும். அப்புறம், வருகிறவரும் மனிதர்தானே? அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும். நீரோட்டம் அவரையும்தான் இழுக்கும்.

திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிறுமி அப்பாவின் முடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.