அறுபதுக்குப் பிறகு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிறவரிட்டக் கேக்க வேண்டிய கேள்வி வேற

அந்த வீடியோவை இஞ்ச எல்லாரும் பார்த்திட்டியள். நான் திரும்பப் பகிர மாட்டன். யாழ்ப்பாணத்தில நல்லூர்ப் பக்கம் நிப்பாட்டின சிவப்பு மஸ்டா றோட்ஸ்ரரில இருந்து நரைச்ச தலையோட ஒரு ஐயா இறங்கிறார். சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, ரெண்டு காலையும் ஒண்டா வெளியில வைச்சு, கதவடிச் சட்டத்தில கையை ஊண்டி, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ஞ்சு எழும்புறார். அவ்வளவுதான். அதுக்கு ஒரு பகிடிப் பாட்டைப் போட்டு, "வீடு போ எண்டுது, காடு வா எண்டுது, உவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குது" எண்டு எழுதி, ஊர் முழுக்கச் சிரிச்சு முடிஞ்சுது. சிரிச்சவையில கனபேர் எனக்குத் தெரிஞ்ச பெடியள். அதுதான் கூட நோகுது.

முதல்ல ஒண்டு. அவர் இறங்கின முறை சரியான முறை. அந்தக் காரின்ர மொத்த உயரம் 1,235 மிமீ. எங்கட முற்றங்களில நிக்கிற கொரோலா அக்சியோ 1,460. கிட்டத்தட்ட ஒரு சாண் பதிவு. பதிஞ்ச காரில ஒரு காலை மட்டும் வெளியில வைச்சு, உடம்பை முறுக்கி எழும்பினால் பாரம் முழுக்க அந்த முழங்காலிலயும் நாரியிலயும் திருகலா விழும். ரெண்டு பாதமும் தரையில பட்டு, தொடையால எழும்பினால் ஒண்டும் செய்யாது. ஏறேக்கையும் அப்பிடித்தான்: முதுகைக் காட்டி முதல் இருக்க வேணும், பிறகு ரெண்டு காலையும் சேர்த்து உள்ள எடுக்க வேணும். ஸ்ரியரிங்கில தொங்கக் கூடாது, கதவில தொங்கக் கூடாது, தொங்கினால் கதவுப் பிணைச்சல் இளகும். இதைத் தெரிஞ்சு பழகின மனுசனைத்தான் நீங்கள் வீடியோ எடுத்தனீங்கள்.

நான் சொல்ல வாறது இதுதான். வயசு போன ஒருத்தர் வேகக் கார் வாங்கினால் "உனக்கேன்" எண்டு கேக்கிறது கேள்வியே இல்லை. "எந்தக் கார், உடம்புக்குச் சரியோ, றோட்டுக்குச் சரியோ, இஞ்ச திருத்தலாமோ" எண்டு கேக்க வேணும். அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கேல்லை. நான் கேட்டு, பதிலையும் சொல்லுறன்.

உடம்பு. வாங்க முதல் காரில ஏறி இறங்கிப் பாக்க வேணும், ஒரு தரம் இல்லை, மூண்டு நாலு தரம். கூரையை மூடிக்கொண்டு ஏற வேணும். பக்கத்தில இன்னொரு வாகனம் நிக்கிற மாதிரி நினைச்சு, கதவைப் பாதி மட்டும் திறந்து இறங்க வேணும். ரெண்டு கதவுக் காருக்குக் கதவு நீளம். ஆஸ்பத்திரி வீதியில ஒரு வானுக்குப் பக்கத்தில நிப்பாட்டினால் முழுக்கத் திறக்க இடம் இராது. அங்கதான் கனபேர் மாட்டுப்படுறவை. பிறகு அரை மணித்தியாலம் சும்மா இருந்து பாருங்கோ. முதல்ல நோகிறது நாரியோ, கழுத்தோ, வலக் கணுக்காலோ, கிளச் மிதிக்கிற இட முழங்காலோ? இட முழங்கால் எண்டால் தானியங்கிக் கியர் எடுக்க வேணும், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. றோட்ஸ்ரரும் ரொயோட்டா ஜிஆர்86உம் ஆறு கியர் தானியங்கியில கிடைக்குது. ஹொண்டா சிவிக் ரைப் ஆர் கையால போடுற கியரில மட்டும்தான் வரும். ஸ்ரியரிங் உயரம் மட்டும் மாறுதோ, முன்னுக்கும் பின்னுக்கும் இழுபடுதோ எண்டும் பாருங்கோ. இப்பத்தைய றோட்ஸ்ரரில அந்த இழுபடுற வசதி 2018இல்தான் வந்தது. அதுக்கு முந்தினதில கை எட்டுறதுக்காகச் சீற்றைக் கிட்ட எடுத்தால் முழங்கால் மடங்கிப்போகும்.

கண்ணைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை. பதிஞ்ச காரில உங்கட கண் எதிர வாற வானின்ர, பஸ்ஸின்ர லைற் உயரத்துக்குக் கிட்ட வந்திடும். கண்புரை துவங்கியிருந்தால் அந்த வெளிச்சம் வட்டமாப் பூத்து, பக்கத்தில லைற் இல்லாமல் வாற சைக்கிளை மறைச்சுப்போடும். கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் ஒரே கண்ணாடி போடுறவை, அதின்ர ஓரத்தால பார்த்தால் மங்கலாத் தெரியும், அதால கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையைத் திருப்பிப் பக்கக் கண்ணாடியைப் பாக்கப் பழக வேணும். காருக்கு அட்வான்ஸ் குடுக்க முதல் கண் டொக்டரிட்டப் போங்கோ.

"உந்த றோட்டில உதை எங்க ஓட்டுறது?" எண்டு கேட்டவைக்கு: கேள்வி நல்லது, முடிவுதான் பிழை. எங்கட பக்கம் அதிவேகப் பாதை இல்லை. இருக்கிற இடத்திலயும் எல்லை 100. மற்ற றோட்டில காருக்கு 70, ஊர்மனைக்குள்ள 50. அதாலதான் சொல்லுறன், கூடின குதிரைவலுவைத் தேடாமல் குறைஞ்ச பாரத்தைத் தேடுங்கோ. நிசான் ஜிரி-ஆர் 3.8 லீற்றர், 1,700 கிலோவுக்கு மேல. ரெண்டாம் கியரிலயே எங்கட சட்டம் முடிஞ்சிடும், மிச்சக் கியர் எல்லாம் சும்மா கிடக்கும். ஜப்பானில விக்கிற துணிக்கூரை றோட்ஸ்ரர் 1,496 சிசி, ஒரு தொன்னுக்குக் கிட்ட, 130 குதிரைவலுச் சொச்சம். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிப் பக்கம் அறுபதில போகேக்கையே அந்தக் கார் உங்களோட கதைக்கும். சிசி கூடக் கூட வரி ஏறுற நாட்டில அதின்ர கணக்கும் வேற.

ரயரைப் பாருங்கோ. றோட்ஸ்ரரின்ர ரயர் 195/50 ஆர்16 எண்டால் றிம்முக்கும் றோட்டுக்கும் நடுவில 97 மிமீ றப்பர் இருக்கு. இப்பத்தைய ரைப் ஆருக்கு 265/30 ஆர்19, அது 80 மிமீகூட இல்லை. ஒழுங்கையில ஒரு பள்ளம் விழுந்தால் றிம் வெடிக்கும், பக்கச் சுவர் வீங்கும். அதே அளவு ரயர் உடன யாழ்ப்பாணத்தில எடுக்கலாம் எண்டு நம்பாதேங்கோ. பூ இருக்கு எண்டு பழைய ரயரோட ஓடவும் கூடாது. பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டும் கிழமை, அடுத்த ரெண்டும் வருசம். இந்த வெயிலில ஆறு வருசம் தாண்டின வேக ரயர் இறுகிப்போயிருக்கும், முதல் மழையில வழுக்கும். நிலைப்படுத்திற எலக்ட்ரோனிக் வசதி இல்லாத பழைய பின்சில்லு இழுவைக் காரில அது இன்னும் மோசம். ஆரம்பகால ஹொண்டா எஸ்2000இல அது இல்லை, முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல (றோட்ஸ்ரரின்ர வெளிநாட்டுப் பேர்) இல்லை. பேருக்கு ஆசைப்பட்டு அதுகளை அறுபதுக்குப் பிறகு முதற் காரா எடுக்கச் சொல்ல மாட்டன்.

மலிவு எண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8க்குப் போறவை ஒரு நிமிசம் நில்லுங்கோ. இஞ்ச ஓய்வுபெற்ற ஒரு அதிபர் ஆசையா எடுத்தவர். கழுவிறதுக்காகப் போர்ட்டிக்கோவில இருந்து முற்றத்துக்கு எடுப்பார், எஞ்சின் சூடாக முதல் நிப்பாட்டுவார். அதில இருக்கிறது சுழல் எஞ்சின், பிஸ்ரனுக்குப் பதிலா முக்கோணச் சுழலி சுத்தும். அதுக்குச் செய்யக் கூடாத வேலை இதுதான். பெற்றோல் தேங்கிப் பிளக் நனைஞ்சு, அடுத்த நாள் ஸ்ரார்ட் ஆகேல்லை. அப்பிடி வந்தால் அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிச்சுக்கொண்டு ஸ்ரார்ட்டரைச் சுத்த வேணும், அப்ப பெற்றோல் வெட்டுப்படும். அப்பவும் வராட்டில் பிளக்கைக் கழற்றித் துடைக்க வேணும். அவருக்கு ஒருத்தரும் இதைச் சொல்லிக் குடுக்கேல்லை, எஞ்சின் போச்சு எண்டு சொல்லித்தான் பயப்படுத்தினவை. வாங்க முதல் சுழல் எஞ்சினுக்கெண்டு இருக்கிற கருவியால கொம்பிரெசன், அதாவது எஞ்சினுக்குள்ள வாற அமுக்கம், பாக்க வேணும். சாதாரணக் கருவி சுழலியின்ர மூண்டு முகத்தையும் பிரிச்சுக் காட்டாது. நிமிசத்துக்கு 250 சுற்றில 680 கிலோபாஸ்கலுக்குக் கீழ எண்டால் விட்டிட்டு வாங்கோ. அது ஒயிலையும் எரிக்கிற எஞ்சின், எரிக்கிறதுதான் அதின்ர அமைப்பு, அதால ஒயில் கோலை அடிக்கடி இழுத்துப் பாக்க வேணும். நல்லூருக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வாறவருக்கு உது சரிவராது.

நிசான் 370இசட்டில கிளச்சை அழுத்திற சிலிண்டர் கியர்ப்பெட்டிக்குள்ள இருக்கு. ஒழுகினால் கியர்ப்பெட்டியையே இறக்க வேணும், கூலி அங்க போகும். போர்ஷே 911 எண்டு மயங்கிறவை, 996 எண்ட பழைய இனத்தில எஞ்சினுக்குள்ள இருக்கிற இடைத்தண்டுப் பெயறிங் உடைஞ்சால் எஞ்சின் முழுக்கப் போகும் எண்டு தெரிஞ்சுகொண்டு வாங்குங்கோ. 2009க்குப் பிந்தின 911இல அந்தப் பெயறிங்கே இல்லை. ஜப்பான் ரேர்போக் கார்களில இன்னொண்டு: அங்கத்தைய உயர்ரகப் பெற்றோல் நடைமுறையில 100 ஒக்டேன் வரை போகும், எங்கட ஷெட்டில நம்பி அடிக்கிறது 95. அந்தக் கணக்குக்கு எழுதின எஞ்சின் 95இல தட்டத் துவங்கினால் கணினி தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளும், வலு இறங்கும், சூடு ஏறும். 92ஐ நினைச்சும் பாக்காதேங்கோ.

எங்கட ஊருக்கெண்டு சில வேலை இருக்கு. கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. கழுவி வெயிலில காய விட்டால் வெள்ளைப் பொட்டு பெயின்ரில தின்னும், துணியால உடன ஒத்தி எடுக்க வேணும். பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கம் போய்வந்தால் அடிப்பக்கத்துக்கு நல்லாத் தண்ணி அடிச்சு உப்பைக் கழுவுங்கோ. செம்மண் பக்கம் இருக்கிறவை காற்று வடியைப் புத்தகத்தில சொன்னதுக்கு முதலே மாத்த வேணும். பிறேக் ஒயில் ஈரம் குடிக்கும். டொட் 4 எண்ட ரகம் புதிசில 230 பாகையில கொதிக்கும், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிடும், அதால ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா முழுக்க மாத்துங்கோ, ஓடினாலும் ஓடாட்டிலும். கார்த்திகை மார்கழி வெள்ளத்தில இந்தக் காரை எடுக்கவே கூடாது. காற்று எடுக்கிற வாய் பதிவா இருந்தால் எஞ்சின் தண்ணியை உறிஞ்சி, பிஸ்ரனைப் பிடிக்கிற தண்டு வளையும்.

"விபத்து வந்தால்?" நியாயமான கேள்வி, மறைக்க மாட்டன். 70இல போற கார் ஒரு செக்கனில 19 மீற்றர் போகும். பிறேக்கில கால் போக ஒண்டரைச் செக்கன் எண்டால் 29 மீற்றர், அதுக்குப் பிறகு நல்ல ரயரிலயும் இன்னொரு 24 மீற்றர். கால் போகிற நேரம் வயசோட கூடும், உண்மை. நீரிழிவால உள்ளங்கால் விறைச்சு, எந்தப் பெடலில எவ்வளவு அழுத்திறன் எண்டு தெரியாட்டில், ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமில்லை, அக்சியோவும் ஓட்டக் கூடாது. ஆனால் அந்த 29 மீற்றர் வயசான எல்லாருக்கும் பொது. வான் ஓட்டிக்கொண்டு போற அறுபது வயசுக்காரரை ஆரும் வீடியோ எடுக்கேல்லையே? கைபேசியைப் பார்த்துக்கொண்டு நூறில மோட்டார் சைக்கிள் ஓடுற பெடியனுக்கு ஆர் பாட்டுப் போட்டது?

"இவ்வளவு பேர் கஷ்டப்படேக்க உந்தக் காசு..." எண்டு எழுதினவைக்கு நான் நீளமாப் பதில் சொல்லப் போறதில்லை. அது அவர் உழைச்ச காசு. கலியாணத்துக்கு மண்டபம் பிடிச்சு ஒரு இரவில செலவழிச்சால் கேக்காத கேள்வியை இஞ்ச கொண்டுவராதேங்கோ.

இப்ப அறுபது தாண்டினவையின்ர இருபதும் முப்பதும் எப்பிடிப் போனது எண்டு உங்களுக்குச் சொல்லேல்லையோ? போர்க்காலப் பெற்றோல் தடை. போத்தலில அளந்து வித்த காலம். காபறேற்றருக்குள்ள துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணையில ஓடினவை. பிளக்கில கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணை ஒயிலுக்குள்ள இறங்கி ஒயில் தண்ணியாகும், பிஸ்ரன் வளையம் தேயும். தேஞ்சதைத் தேஞ்சதோடயே பொருத்தி ஓடினவை. 1995இல ஊரோட தென்மராட்சிக்கு நடந்தவை. பிறகு தெற்குக்குப் போற ஏ9 பாதை திறந்து, திரும்பப் பூட்டி, 2009க்குப் பிறகுதான் ஒழுங்காத் திறந்தது. அதுக்குப் பிறகும் பிள்ளையளின்ர படிப்பு, வெளிநாட்டுச் செலவு, வீட்டுக் கூரை. கொஞ்சம் காசு சேர்ந்த நேரம், 2020இல கார் இறக்குமதியே நிண்டுது, திறக்க 2025 ஆச்சு. இருபத்தஞ்சு வயசில வாங்கியிருக்கலாமே எண்டு கேக்கிறவையிட்ட நான் கேக்கிறன், எந்த வருசம் வாங்கியிருக்கலாம்? ஒரு வருசத்தைச் சொல்லுங்கோ.

இதெல்லாம் முடிஞ்சு ஒருத்தர் முதல் தரமாத் தனக்கெண்டு ஒரு எஞ்சினை எடுத்து, அதைக் கவனமாத் துடைச்சு, முறையா ஏறி இறங்கப் பழகினால் அவரைத் திண்ணையில இருத்தப் பாக்கிறியள். கோயிலுக்குப் போ, பேரப்பிள்ளையைப் பார், வேற ஒண்டுக்கும் ஆசைப்படாதை. ஆர் எழுதின சட்டம் இது?

கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற பிள்ளையளுக்கு. அப்பா இப்பிடி ஒரு கார் கேட்டால் வீட்டு வட்ஸ்அப் குழுவில சிரிப்புப் படம் போடாதேங்கோ. ஜப்பான் ஏலச் சீட்டை (ஏலம் விடேக்க காரின்ர நிலையை எழுதிற தாள்) எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. தரம் 4, 4.5 எண்டு இருக்கிறதைப் பாருங்கோ, 'R' எண்ட எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்தின கார், எந்த இடம் திருத்தினது எண்டு காரின்ர படத்தில குறிச்சிருக்கும். அந்தச் சீட்டை மாத்தி அடிச்சுக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம், அதால சீட்டில இருக்கிற சேசி நம்பரும் காரில அடிச்சிருக்கிற நம்பரும் ஒண்டோ எண்டு ஒவ்வொரு எழுத்தா நீங்களே ஒப்பிடுங்கோ. அந்தச் சின்ன எழுத்தை அவர் கைபேசியில வாசிக்கக் கஷ்டப்படுவார்.