கால்மெட் குழந்தைகளைக் கொன்றாரா?

முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "பி.சி.ஜி. கண்டுபிடித்த பிரெஞ்சு டாக்டர் கால்மெட்டின் மருந்தால் 72 குழந்தைகள் செத்தன. அதையேதான் இன்றும் நம் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள்."

பி.சி.ஜி. என்பது காசநோய்த் தடுப்பு மருந்து. சாவுகள் உண்மை. காரணம்தான் பொய்.

ஆல்பர்ட் கால்மெட்டும் கால்நடை மருத்துவர் கமீல் கெரானும் 1908இல் லில் நகரில் வேலையைத் தொடங்கினார்கள். மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்து, சில வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். 13 வருடம், 230 முறை! நோய் உண்டாக்கும் வீரியம் போன பிறகே, 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் சுமார் 250 குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுத்த மருந்தில், அங்கிருந்த ஆய்வகத்திலேயே வீரியமுள்ள மனிதக் காசநோய்க் கிருமி கலந்துவிட்டது; அந்த 72 சாவுகள் இதனால்தான். விசாரணையில் இது தெரிந்து, 1932இல் அங்கிருந்த டாக்டர்களுக்குத்தான் தண்டனை. கால்மெட் அடுத்த வருடமே இறந்துபோனார், பாவம்.

பி.சி.ஜி.க்குக் குறை இல்லாமல் இல்லை. பக்கத்துச் செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து நன்றாகவே காக்கிறது.

ஃபார்வர்டில் இருந்த "சீழ் பிடித்த கை" படமா? ஊசி போட்ட சில வாரத்தில் சின்னக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாவது வழக்கம்தான். உங்கள் இடது தோளையே பாருங்கள்.