விபத்தில் அடிபட்டவருக்கு எப்படிப்பட்ட வழக்கறிஞர் வேண்டும்?

இரு சக்கர வாகன விபத்தில் காயமடைந்தவர் வழக்கறிஞரைத் தேடிப் போவது நம் ஊரில் அரிது. பெரும்பாலும் வழக்கறிஞரின் ஆள்தான் அவரைத் தேடி வருகிறார். அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் ஒரு வாரம் படுத்திருந்த எவரும் அந்த ஆளைப் பார்த்திருப்பார்கள். கையில் பிளாஸ்டிக் கோப்பு, பேச்சில் ‘அண்ணே’, ‘அக்கா’ என்ற உறவு முறை, நமக்கே இன்னும் கிடைக்காத எஃப்.ஐ.ஆர். எண் அவரிடம் முன்பே இருக்கும். யார் முதலில் வந்தாரோ அவரே நம் வழக்கறிஞர் என்று முடிவாகிவிடும் இந்தப் பழக்கம்தான் மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் காயமடைந்தவருக்கு நேரும் இரண்டாவது விபத்து என்பது என் கருத்து.

என் தங்கையின் கணவர் தச்சர். வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது சரக்கு வாகனம் ஒன்று மோதியதில் அவருடைய வலது மணிக்கட்டு நொறுங்கியது. கட்டுப் போட்ட மறுநாளே ஒருவர் வந்தார். “ஒரு பைசா செலவில்லை அண்ணே, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம். வர்றதுல பங்கு மட்டும் குடுத்தா போதும்” என்று சொல்லிக்கொண்டே வக்காலத்துப் படிவத்தை மெத்தையின் மீது விரித்தார். வழக்கறிஞர் பெயர் எழுதும் இடம்கூட அதில் காலியாக இருந்தது. வலது கையில் மாவுக்கட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மை அட்டையை எடுத்துத் திறந்து இடது கட்டைவிரலைப் பிடித்தார். “வக்கீலை நேர்ல பார்த்துட்டு வெச்சுக்கிறோம் தம்பி” என்று என் தங்கை படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்ததும் அவர் கோபப்படவில்லை. அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

இதில் நடந்தது வெறும் நாகரிகக் குறைவு அல்ல. நேரடியாகவோ தரகர் மூலமாகவோ வழக்குப் பிடிப்பதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடை செய்கின்றன. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் அதே விதிகளின்படி கூடாது. வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், நீதிமன்றங்கள் தரகர் பட்டியல் தயாரித்து வெளியிட வழி செய்கிறது. பட்டியலில் இடம்பெற்ற பிறகும் தரகு வேலை பார்ப்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்த 500 ரூபாயைப் படித்துத் தரகர்கள் அஞ்சுவார்கள் என்று நான் நம்பவில்லை.

பங்குக் கட்டணத்தை நியாயப்படுத்துபவர்களின் வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. கை உடைந்து வருமானம் நின்றுபோனவரால் முன்பணம் கொடுக்க முடியாது. பங்கு முறை இல்லாவிட்டால் அவருக்கு வழக்கே இல்லை என்கிறார்கள். ஆனால் எழுத்தில் வர முடியாத ஒப்பந்தம் எப்போதும் பலவீனமானவருக்கு எதிராகவே முடியும். மருத்துவமனையில் சொன்ன பங்கு தீர்ப்பு வந்த நாளில் கூடிவிடும். மருத்துவச் சான்றுக்குச் செலவு, குமாஸ்தாவுக்குச் செலவு என்று புதிய கணக்குகள் முளைக்கும். காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. ஆகவே கட்டணம் இவ்வளவு, இன்னின்ன கட்டத்தில் இவ்வளவு தர வேண்டும், பெற்றதற்கு ரசீது உண்டு என்று எழுதித் தரச் சம்மதிக்கும் வழக்கறிஞரையே நான் சிபாரிசு செய்வேன். முன்பணத்துக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

கட்டணத்தைவிடப் பெரிய விஷயம் திறமை. அது முதல் சந்திப்பிலேயே ஓரளவு தெரிந்துவிடும். “எத்தனை சதவீதம் ஊனம் போடுவார்கள்?” என்று மட்டும் கேட்பவர் ஒரு வகை, “இந்தக் கையால் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், இப்போது அதில் எதைச் செய்ய முடியவில்லை?” என்று கேட்பவர் வேறு வகை. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் தெளிவாக்கியது. இடது கையை இழந்தவரின் உடல் ஊனம் 60 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டாலும், அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறனை ஏறத்தாழ முழுவதுமாக இழந்திருக்கலாம்; அதே காயம்பட்ட அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம் என்று அத்தீர்ப்பு விளக்குகிறது.

இது ரூபாயில் என்ன ஆகிறது என்பதை ஓர் உதாரணக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 34 வயது, மாதம் 18,000 ரூபாய் வருமானம், 30 சதவீத ஊனம் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் பல வழக்குகளில் செய்வதுபோல ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று பெருக்கினால், ஊனத்துக்கான தொகை 1,50,000 ரூபாயோடு நின்றுவிடும். வருமான இழப்பை நிரூபித்து, 2009-ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின்படி அந்த வயதுக்குரிய 16 என்ற பெருக்கியையும் (ஆண்டு வருமான இழப்பை இத்தனை மடங்காக்கும் எண்), 2017-ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால வருமான உயர்வுக்கான 40 சதவீதத்தையும் சேர்த்தால், சம்பாதிக்கும் திறனிலும் அதே 30 சதவீதம்தான் குறைந்தது என்று எடுத்துக்கொண்டால்கூட, தொகை 14,51,520 ரூபாய் ஆகிறது. காயம் ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான். ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குவது, மருத்துவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி உரிய கேள்விகளைக் கேட்கவும், வேலை கொடுத்தவரைச் சாட்சியாக அழைக்கவும் ஒரு வழக்கறிஞர் எடுத்துக்கொள்ளும் சிரத்தை. கட்டுக்கட்டாக வழக்குகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்தோடு மொத்தமாகச் சமரசம் பேசும் அலுவலகத்தில் அந்தச் சிரத்தைக்கு நேரம் கிடையாது.

காப்பீட்டைப் பற்றியும் நல்ல வழக்கறிஞர் முதல் நாளே கேட்பார். பின்னால் அமர்ந்து சென்றவர் காயமடைந்திருந்தால், அந்த பைக்குக்கு இருந்தது வெறும் மூன்றாம் நபர் பாலிசியா, முழுமையான பாலிசியா என்பதைப் பொறுத்து வழக்கின் திசையே மாறும். தானாகச் சறுக்கி விழுந்த உரிமையாளருக்கு எதிர்த்தரப்பே இல்லை. பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே அவருக்கு வழி, அதுவும் மரணம் அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால்தான். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் படுகாயத்துக்கு 50,000 ரூபாய் தரும் தனித் திட்டம் இருக்கிறது. ஹெல்மெட் அணியவில்லையே என்று கேட்டு வழக்கறிஞர் குறித்துக்கொண்டால் வருத்தப்பட வேண்டாம். எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

அவசரப்பட வேண்டியது ஆவணங்களில். மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீதுகள், எஃப்.ஐ.ஆர். நகல் ஆகியவற்றைக் குடும்பத்தினரே திரட்டி, அசலைத் தங்களிடம் வைத்துக்கொண்டு நகலை வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் ஆவணங்களைச் சான்றாகக் குறியீடு செய்யும் நாளில் அசலைக் கொண்டுபோனால் போதும். விபத்து எப்படி நடந்தது என்று ஏ.ஆர். பதிவில் எழுதப்பட்டிருப்பது எஃப்.ஐ.ஆரோடு முரண்பட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார். 2022 ஏப்ரல் முதல் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பு வந்திருக்கிறது. அந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தாலும், அதை நம்பி மனுவைத் தள்ளிப்போடச் சொல்பவர் உங்களுக்கு வேண்டாம். அதே சமயம், ஆறு மாதம் என்பது இரண்டு மூன்று வழக்கறிஞர்களை நிதானமாகப் பார்த்துப் பேசத் தாராளமாகப் போதும்.

எங்கே பார்ப்பது? விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல், காயமடைந்தவர் வசிக்கும் இடத்திலும் மனுப் போடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. எனவே நெடுஞ்சாலையில் எங்கோ அடிபட்டவர், தரகர் காட்டும் வேற்றூர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் எம்.சி.ஓ.பி. எனப்படும் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கும் அறையில் ஒரு முற்பகல் உட்கார்ந்து பாருங்கள். பொதுவாக யாரும் தடுக்க மாட்டார்கள். யார் தாமே எழுந்து சாட்சியை விசாரிக்கிறார், யாருடைய ஜூனியர் ஒவ்வொரு முறையும் வாய்தா மட்டும் கேட்கிறார் என்பது கண்ணுக்கே தெரியும். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞர் பெயரைக் கொடுத்து அவருடைய வழக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்றும் தேடலாம். எதிரில் வரப்போகும் காப்பீட்டு நிறுவனத்துக்கே அவர் வழக்கமாக ஆஜராகிறவரா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்யச் சொன்னால் அவசரமாகத் தலையாட்ட வேண்டாம். பணம் சீக்கிரம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே கையெழுத்திட்ட பிறகு மேல்முறையீடு கிடையாது. சிகிச்சை முடிந்து, ஊனம் எவ்வளவு என்று உறுதியாவதற்கு முன்பே சமரசத்துக்கு அவசரப்படுத்துபவர் யாருக்காக அவசரப்படுகிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏற்கெனவே தரகர் மூலம் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளலாம், கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டிக் கட்சிக்காரரின் கோப்பைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. இழப்பீட்டுத் தொகை காயமடைந்தவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும்படி கேட்கலாம். அதற்காகப் புதுக் கணக்குத் தொடங்கச் சொல்லி, பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் கையெழுத்திட்ட காசோலைகளையும் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பேசிய கட்டணத்தை வங்கி வழியாகவே அனுப்பி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.